பலகையில் ஓர் எண்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் மத்திய மேற்கில், நெப்ராஸ்கா மாநிலத்து நெடுஞ்சாலையில் போனால், ஒவ்வொரு சிற்றூரின் எல்லையிலும் ஒரு பச்சைப் பலகை நிற்கும். மேலே ஊர்ப்பெயர், கீழே மக்கள்தொகை. 700 என்று இருக்கும், 240 என்று இருக்கும். மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், நயோப்ராரா ஆறும் மிசௌரி ஆறும் நெருங்கி வருகிற பாய்ட் கவுண்டியில் மோனோவை என்று ஓர் ஊர். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல. 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1. ஆமாம், ஒருவர்தான். 2020 கணக்கெடுப்பில் அது 2 ஆனது. ஆனால் ஊருக்குள் புதிதாக யாரும் குடிவரவில்லை, யாரும் பிறக்கவும் இல்லை.

அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் தரையைப் பார்ப்போம். தரை புரியாமல் இந்த ஊர்களின் எண் புரியாது.

அந்தப் பகுதியின் மேல் பகலில் விமானத்தில் பறந்தவர்கள், சன்னல் வழியே நிலம் சதுரம் சதுரமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1785இல் வந்த நிலச் சட்டம் செய்த வேலை அது. ஆட்கள் குடியேறுவதற்கு முன்பே நிலத்தை அளந்துவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் மைலுக்கு மைல் 36 கட்டங்கள். கட்டத்துக்கு செக்‌ஷன் என்று பெயர், பரப்பு 640 ஏக்கர். அளந்த கருவி 66 அடிச் சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். 36 கட்டங்களுக்கும் எண் போட்ட முறை அழகானது. வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி மேற்கே போவார்கள். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையில் கிழக்கே திரும்புவார்கள். ஏர் உழுகிறவர் சால் முடிந்ததும் மாட்டைத் திருப்புவாரே, அதே போக்குதான். 16ஆம் எண் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது.

சாலைகளும் இந்தக் கோடுகள் மேலேயே விழுந்தன. பெரும்பாலும் மைலுக்கு ஒன்று, சரளைச் சாலை. அறுபது மைல் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஒரு குறுக்குச் சாலையைத் தாண்டலாம். கடிகாரம் இருந்தால் போதும், வழி கணக்கிடலாம்.

ஆனால் பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்குகின்றன. நெப்ராஸ்கா அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட ஏறக்குறைய 40 அடி குறுகும். அந்தக் குறையை டவுன்ஷிப்பின் மேற்கு ஓரத்துக் கட்டங்கள் சுமந்தன, அளவுப் பிழை மிச்சங்கள் வடக்கு ஓரத்துக் கட்டங்களுக்குப் போயின. அதனால் அங்கே ஒரு கட்டத்தை 640 ஏக்கர் என்று நினைத்து வாங்கினால் நிலத்தில் சரியாக அவ்வளவு இருக்காது. 24 மைலுக்கு ஒருமுறை கோட்டைப் புதிதாக அளந்து சரிசெய்தார்கள். அந்த இடத்தில், வடக்கே நேராகப் போய்க்கொண்டிருந்த சாலை திடீரென்று பக்கவாட்டில் மடங்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடி வடக்கே திரும்பும். இரவில் தெரியாத ஓட்டுநர் நேராகவே போனால் சோளக்காட்டுக்குள் போய் நிற்பார்.

அடுத்து ரயில். நிலத்தைச் சதுரமாக்கியது அரசு, ஊரை நட்டது ரயில் கம்பெனி. நெப்ராஸ்காவின் தெற்கில் பர்லிங்டன் ரயில் பாதையில் வரிசையாக வரும் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: க்ரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல். ஆங்கில அகரவரிசை. சி, டி, இ, எஃப் என்று எல் வரை. வரைபடத்தின் மேல் அடையாளம் வைத்து வரிசையாகப் பெயரிட்டார்கள். ஊர் என்பது முதலில் ஒரு நிறுத்தம், அப்புறம்தான் ஊர்.

இந்த ஊர்களுக்கு நடுவே பொதுவாக ஏழு முதல் பத்து மைல். ஏன்? தானியம் ஏற்றிய குதிரை வண்டி மணிக்கு மூன்று மைல் போகும். பாதையோரம் எந்த விவசாயியும் நிறுத்தத்திலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. காலையில் கிளம்பி, தானியக் கிடங்கில் எடை போட்டு, கடையில் உப்பும் ஆணியும் வாங்கி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். நீராவி எஞ்சினுக்கும் வழியில் தண்ணீர் வேண்டும். குதிரையின் கால்தான் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரத்தை முடிவு செய்தது. மறந்துவிடாதீர்கள், குதிரையின் கால்.

இப்போது மனக்கணக்கு ஒன்று போடுவோம். 1862 குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், அதாவது கால் கட்டம். 36 கட்டத்தை நான்கால் பெருக்கினால் 144 குடும்பம். பள்ளி நிலம், ரயில்வே நிலம் எதையும் கழிக்காத கணக்கு இது. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 720 பேர். ஒரு கொல்லர், ஒரு மருத்துவர், இரண்டு கடை, ஒரு வங்கி பிழைக்க இது போதும். இன்று டிராக்டரும் பெரிய அறுவடை இயந்திரமும் வைத்து ஒரு குடும்பமே 2,000 ஏக்கர் பார்க்கும். டவுன்ஷிப்பின் 23,040 ஏக்கரை 2,000ஆல் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு குடும்பம்கூட வராது. நிலம் தரிசாகவில்லை, விளைச்சலும் குறையவில்லை. ஆட்கள்தான் தேவைப்படவில்லை. ஊர் செத்ததற்கு மண் கெட்டது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது தவறு.

மோனோவைக்குத் திரும்புவோம். 1902இல் ரயில் வந்தது, அதே ஆண்டு தபால் நிலையமும் வந்தது. 1967இல் தபால் நிலையம் மூடப்பட்டது. பாய்ட் கவுண்டி முழுவதிலும் 1910இல் 8,800 பேருக்கு மேல். 2020இல் 1,810 பேர். 2000 கணக்கெடுப்பில் மோனோவையில் இருந்தது ஒரு கணவனும் மனைவியும். 2004இல் கணவர் இறந்தார். மனைவி மதுக்கடையை நடத்தினார், அவரே மேயர், அவரே எழுத்தர், பொருளாளர், நூலகர். மதுக்கடை உரிமத்துக்கு அவரிடம் அவரே விண்ணப்பித்தார். சாலைக்கு மாநில நிதி வேண்டும் என்பதால் ஆண்டுதோறும் சாலைத் திட்டம் தயாரித்து அனுப்பினார். ஊரில் மொத்தம் நான்கு தெருவிளக்கு. அவற்றுக்கும் பணம் வேண்டுமே.

அப்படியானால் அந்த இரண்டாவது ஆள்? அது கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே கலந்த பிழை. அமெரிக்கச் சட்டப்படி தனி ஆளின் விவரத்தை 72 ஆண்டுகளுக்கு வெளியிடக் கூடாது. ஒருவரே வாழும் ஊருக்கு வயது, இனம் என்று அட்டவணை போட்டால் அது அட்டவணையா? அந்த ஒருவரின் குறிப்பேடு. அதனால் 2020இல் கணினி சிறிய எண்களைக் குருட்டுவாக்கில் கூட்டியும் கழித்தும் விட்டது. மாநில மொத்தத்தைத் தொடவில்லை. நெப்ராஸ்காவின் 19,61,504 எண்ணியபடியே வந்த எண். வீடுகளின் எண்ணிக்கையையும் தொடவில்லை. அதற்குக் கீழே கவுண்டி, ஊர், தெரு எல்லாவற்றிலும் கலப்பு உண்டு. கவுண்டி அளவில் அது பெரிதாகத் தெரியாது, பத்துப் பேர் ஊரில் நன்றாகவே தெரியும். சுழியத்துக்குக் கீழே யாரையும் கழிக்க முடியாது அல்லவா, அதனால் மிகச் சிறிய எண்கள் மேல்நோக்கிச் சாயும். ஆகவே சின்ன ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்ப்பவர்கள் 2010க்கும் 2020க்கும் நடுவே ஒன்றிரண்டு கூடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வீட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். கவுண்டி மொத்தத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, சிறைச்சாலை. அயோவாவில் அனமோசா என்ற ஊரில் ஒரு வார்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,400. அதில் 1,300க்கும் மேல் மாநிலச் சிறைக் கைதிகள், வாக்குரிமை இல்லாதவர்கள். 2005இல் அந்த வார்டில் மொத்தம் இரண்டே வாக்கு பெற்று ஒருவர் நகரமன்ற உறுப்பினரானார். எண்ணை நம்புவதற்கு முன் சிறை, விடுதி, முதியோர் இல்லம் அதில் எத்தனை என்று கேளுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஊர் எல்லைக்கு வெளியே பண்ணை வீட்டில் இருப்பவர்களுக்கு அதே ஊர்தான் முகவரி, பள்ளியும் கடையும் அங்கேதான். ஆனால் பச்சைப் பலகையின் எண்ணில் அவர்கள் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது. வளர்ந்த ஊர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நெப்ராஸ்காவில் லெக்சிங்டன் என்ற ஊர். 1990இல் 6,600 பேர். அந்த ஆண்டு அங்கே பெரிய மாட்டிறைச்சித் தொழிற்சாலை திறந்தது. 2000இல் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், பின்னால் சோமாலியர்களும் வந்தார்கள். அதே தரை, அதே மைல் கட்டம், அதே ரயில் பாதை. நன்றி, வணக்கம்.