கோழியைப் பிடித்த சிப்பிப்பாறையை என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "ஒன்றரை வயது சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன், ஆண் நாய். வீட்டில் யாரிடமும் ஒரு உறுமல்கூடக் கிடையாது. ஆனால் அணில், ஓணான் எதைக் கண்டாலும் விடாது, போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது. அப்பா கம்பால் அடித்தார், அன்றிலிருந்து சங்கிலியில்தான் கிடக்கிறது. நாய்க்குக் கொலைவெறி வந்துவிட்டதா? கறி போடுவதை நிறுத்தினால் சரியாகுமா? அடுத்த மாதம் என் தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது."

தம்பி, உங்கள் நாய்க்கு எந்த வெறியும் இல்லை. கோபம் வேறு, வேட்டை வேறு, மூளையிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. கோபப்படுகிற நாய் உறுமும், பல்லைக் காட்டும், முதுகு மயிர் சிலிர்க்கும், எதிரில் நிற்பவர் விலகிப் போனால் போதும் என்றிருக்கும். வேட்டைக்குப் போகிற நாய் சத்தமே போடாது. காது முன்னால் வரும், கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், உடம்பு அப்படியே உறையும், அடுத்த நொடி பாய்ந்திருக்கும். கோழி மேல் அதற்கு எந்தப் பகையும் கிடையாது. உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கிற நாயும் கோழியைப் பிடித்த நாயும் ஒன்றுதான், அதில் எதுவும் நடிப்பு இல்லை.

அந்த நாய் எந்த மண்ணில் உருவானது என்று யோசித்துப் பாருங்கள். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர், அந்த ஊர்ப் பெயர்தான் நாய்க்கும். சுற்றிலும் கரிசல் வெளி, மறைவில்லாத காடு, முயல் கிளம்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும். அங்கே மோப்பம் பிடித்து மெதுவாகப் போகிற நாயால் பயன் இல்லை, அசைவைக் கண்ணால் பிடித்து அந்தக் கணமே கிளம்புகிற நாய்தான் வேண்டும். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு எல்லாம் அந்த ஓட்டத்துக்காக வந்தவை. தலைமுறை தலைமுறையாக, உத்தரவுக்குக் காத்திராமல் ஓடுகிற குட்டியைத்தான் நம் முன்னோர் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நாமே பார்த்துப் பார்த்து உண்டாக்கிய குணத்துக்கு இன்று அதைக் கம்பால் அடிக்கிறோம், எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வேட்டை என்பது ஒரே செயல் இல்லை. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று வரிசையாகப் போகும். மனிதன் ஒவ்வொரு இனத்திலும் இதில் சில படிகளைக் கூட்டினான், சிலவற்றைக் குறைத்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் முறைப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் ஓங்கி நிற்கும், கடி அடங்கியிருக்கும். லாப்ரடார் சுட்டு விழுந்த பறவையை நசுக்காமல் கவ்விக் கொண்டு வருவதற்காக வளர்க்கப்பட்டது. சிப்பிப்பாறையிடம் துரத்துவதும் பிடிப்பதும் முழு பலத்தோடு இருக்கின்றன. இந்த ஆசை பசியைப் பொறுத்ததும் இல்லை, வயிறு முட்டத் தின்ற நாயும் அணிலைக் கண்டால் ஓடும், ஏனென்றால் ஓடுவதிலேயே அதற்கு இன்பம் கிடைத்துவிடுகிறது. அதனால் கறியை நிறுத்தாதீர்கள், வளர்கிற நாய்க்குப் புரதம் வேண்டும், வெறும் சோறும் தயிரும் போட்டால் நாய் மெலியுமே தவிர வேட்டை நிற்காது. கருத்தடை செய்தால் சரியாகும் என்பார்கள். ஊர் சுற்றுவது குறையலாம், துரத்துவது குறையும் என்று நம்ப வேண்டாம்.

அடிப்பதால் என்ன ஆகிறது தெரியுமா? கோழி வாயில் இருக்கும்போது அப்பா கம்போடு வந்தால், "கோழியைப் பிடித்தது தப்பு" என்று நாய் கணக்குப் போடாது. வாயில் ஏதாவது இருக்கும்போது மனுஷன் கிட்டே வந்தால் ஆபத்து என்றுதான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை தூக்கிக்கொண்டு எட்டாத இடத்துக்கு ஓடும், அல்லது கை நீட்டுகிறவரைக் கடிக்கும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். சங்கிலி இன்னும் மோசம். நாள் முழுக்கக் கண் முன்னால் கோழி மேய, எட்டிப் பிடிக்க முடியாமல் இழுத்து இழுத்து நிற்கிற நாயின் தவிப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

இப்போது செய்ய வேண்டியது. அந்த உறைகிற நொடி என்றேனே, அதுதான் உங்கள் கையில் இருக்கிற நேரம். ஓடத் தொடங்கிய பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்குக் கேட்காது. ஆகவே வீட்டுக்குள், எந்தக் கவர்ச்சியும் இல்லாத இடத்தில் தொடங்குங்கள்: ஒரு விசில், உடனே வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. விசில் கேட்டால் தலை தானாகத் திரும்புகிற வரைக்கும் இதையே செய்யுங்கள். அப்புறம் வாசல், அப்புறம் தோட்டம், கடைசியில்தான் தூரத்தில் கோழி தெரிகிற இடம். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பியதா, அந்தத் திரும்பலுக்குத்தான் பெரிய பரிசு. இந்தக் காலம் முழுக்க பத்து மீட்டர் நீளக் கயிறு இருக்கட்டும், அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னெஸில் மாட்டுங்கள். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும், முழு வேகத்தில் கயிறு இறுகினால் கழுத்தும் போய்விடும்.

துரத்துகிற ஆசைக்கும் ஒரு வழி விட வேண்டும். மூங்கில் கம்பின் நுனியில் கயிறு, கயிற்றில் பழைய துணி. நாய் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், நீங்கள் சொன்ன பிறகு துரத்தலாம், பிடிக்கலாம், நன்றாகப் பிய்க்கவும் விடுங்கள், பிறகு "விடு" என்றால் ஈரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டாந்தரையில் வேண்டாம், மணல் தரை நல்லது, வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். லேசர் விளக்கைக் காட்டி ஓடவிடாதீர்கள், கடைசியில் பிடிக்க எதுவுமே இல்லாததால் சில நாய்கள் நிழலையும் வெளிச்சத்தையும் பார்த்துப் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிடுகின்றன.

"ஒரு தடவை காட்டுக்குக் கூட்டிப் போய் முயல் பிடிக்க விட்டால் அடங்கிவிடும்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அடங்காது, ருசி கண்டுவிடும். அதோடு அது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பதும் வேட்டைதான். முயலும் உடும்பும் மயிலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. நாட்டு நாயைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு காட்டு உயிரைக் கொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

இவ்வளவு செய்த பிறகும் இந்த நாயைக் கோழிகளோடு தனியாக விட முடியாது தம்பி, அதை இப்போதே மனதில் ஏற்றுக்கொள்ளுங்கள். கோழி மேய்கிற நேரத்தில் நாய் உள்ளே, கோழி அடைந்த பிறகு நாய் வெளியே, நடுவில் கம்பிவலை. அந்த அக்காவுக்குக் கோழிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு இந்த ஏற்பாட்டையும் சொல்லுங்கள். எலி பிடிக்கிற பழக்கம் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் நாய்க்கும் விஷம் ஏறும்.

தங்கையின் குழந்தை விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நாய் கெட்டது என்பதற்காக இல்லை, பச்சைக் குழந்தையின் கீச்சுக் குரலும் கைகால் உதறலும் அதற்குப் புதிது, அந்த அசைவை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு நிமிடம்கூடக் குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள், தூளி இருக்கிற அறைக்குக் கதவு சாத்தியே இருக்கட்டும். குழந்தை வருவதற்கு முன்பே அந்த அறைக்குள் நாய் போவதை நிறுத்திவிடுங்கள். குழந்தை அழும் சத்தத்தை போனில் மெதுவாகப் போட்டு ஈரல் கொடுத்துப் பழக்குங்கள். பார்க்க விடும்போது கயிறு உங்கள் கையில், குழந்தை தங்கையின் மடியில், நடுவில் நல்ல இடைவெளி. நாய் உறைந்து நின்று முறைத்தால் சத்தம் போடாமல் வெளியே கூட்டிப் போய்விடுங்கள், அன்றைக்கே நாய்களின் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுச் சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தடிச் சுவரை இந்த நாய் சாதாரணமாகத் தாண்டும். உயரத்தையும் கோழிக்கூடு எந்தப் பக்கம் என்பதையும் எழுதி அனுப்புங்கள், வலையை எங்கே போடலாம் என்று சொல்கிறேன்.