பாதியில நிக்குற ஸ்வெட்டரை எடுத்துட்டு வாங்க

(கோத்தகிரியில பின்னல் குழு ஆரம்பிக்கலாம்னு கூடினவங்க முன்னாடி, குன்னூர்ல குழு நடத்துற ஒரு அம்மா பேசினது. பேசினபடியே டைப் பண்ணிருக்கோம்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி கேக்குதா? அந்த ஜன்னல் பக்கம் நிக்குறவங்க உள்ள வந்து உக்காருங்க, காத்து அடிக்குது.

குழு எப்படி நடத்துறதுன்னு சொல்லுங்கன்னு தான் கூப்பிட்டாங்க. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நம்ம மலையில எந்த வீட்டு பீரோவைத் தொறந்தாலும் அடித்தட்டுல ஒரு பை இருக்கும், அதுல ஒரு ஸ்வெட்டர் இருக்கும், முதுகுப்பக்கம் முடிஞ்சிருக்கும், முன்பக்கம் முக்காவாசி வந்திருக்கும், ஊசி அப்படியே செருகினபடி நிக்கும். எங்க நிக்கும்னா கழுத்து வளைவுல, இல்லன்னா ரெண்டாவது கையில. யாருக்குப் பின்ன ஆரம்பிச்சாங்களோ அந்தப் பையன் இப்ப கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிட்டிருப்பான். சிரிக்காதீங்க, உங்க வீட்லயும் இருக்கு, எனக்குத் தெரியும்.

அந்தப் பையை வெளிய எடுக்க வைக்கிறதுக்குத் தான் குழு வேணும். முடிச்சதைக் கொண்டாந்து மடிச்சு வச்சுக் காட்டுறதுக்கு குழு தேவையில்ல, அதுக்குக் கல்யாண வீடு போதும். எல்லாரும் முடிச்சதை மட்டும் கொண்டு வர ஆரம்பிச்சா என்ன ஆகும், நல்லாப் பின்னுற அஞ்சு பேர் நடுவுல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்குவாங்க, மத்தவங்க ஓரமா டீ குடிச்சிட்டுப் போவாங்க, அடுத்த மாசம் வர மாட்டாங்க. அதனால எங்க குழுவுல ஒரே ஒரு சட்டம். வர்றப்ப சிக்கிட்டு நிக்குறதை எடுத்துட்டு வரணும். முடிச்சது இருந்தா போட்டுட்டு வாங்க, தனியா காட்ட வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்.

பழைய காலத்துல இது நேர் எதிரா இருந்துச்சுங்க. ஐரோப்பாவுல 16, 17ம் நூற்றாண்டுல பின்னல்காரங்க சங்கம் இருந்துச்சு, பூராவும் ஆம்பளைங்க. பல வருசம் ஒரு மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டு, கடைசியில பரீட்சைக்குன்னு சில சாமான் பின்னிக் காட்டணும், சில ஊர்ல அதுல பூ வேலை போட்ட பெரிய கம்பளமும் உண்டு, கம்பளம்னா நிஜமாவே சுவர்ல மாட்டுற சைஸு. தேறினாத்தான் மாஸ்டர், தேறலன்னா கடை போட முடியாது. பொழப்புக்காக வச்ச சங்கம், அதுல தப்பு சொல்ல முடியாது. 1589ல இங்கிலாந்துல வில்லியம் லீ காலுறை பின்னுற மெஷின் கண்டுபிடிச்சாரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெஷின் வேலையைத் தூக்கிட்டுப் போயிருச்சு. இப்ப இருக்கிற சங்கமெல்லாம் வேற மாதிரி, பிரிட்டன்ல இருக்கிற பின்னல், குரோஷா சங்கம் 1978ல ஆரம்பிச்சது, யார் வேணா சேரலாம். நாம மாஸ்டர் பரீட்சை வைக்கப் போறதில்ல, ஆனா மனசுக்குள்ள அந்தப் பரீட்சையை வச்சுக்கிட்டே தான் நம்ம பொம்பளைங்க வர்றாங்க, "எனக்கு அவ்வளவு நல்லா வராதுங்க"ன்னு வாசல்லயே சொல்லிட்டு. அதை உடைக்கணும்.

இப்ப நடத்துற விஷயம். முதல்ல நேரம். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு நாலு, நாலேகாலுக்கு முடிச்சிருங்க. உங்க ஊர்ல கரடி, எங்க ஊர்ல காட்டுமாடு. இருட்டினப்புறம் எஸ்டேட் ரோட்ல பொம்பளைங்க தனியா நடந்து போற மாதிரி வச்சீங்கன்னா ஒரு வாட்டி வருவாங்க, அடுத்த வாட்டி வீட்ல விட மாட்டாங்க, அதுவும் நியாயம் தான். பஸ் டைம் பாத்து முடிங்க. ஏப்ரல் மே தேயிலைக் கொழுந்து நிறைய வர்ற டைம், சொந்தத் தோட்டம் இருக்கிறவங்க யாரும் வர முடியாது, போதாததுக்கு சீசன் டிராபிக் வேற, அந்த ரெண்டு மாசம் லீவு விட்டுருங்க. ஹெத்தை அம்மன் பண்டிகை வர்ற வாரமும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழை நம்ம பக்கம் தான் ஜாஸ்தி, ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழைன்னா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை, மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிரும், அப்ப கூட்டம் நடக்குமா இல்லையான்னு காலையில பத்து மணிக்குள்ள வாட்ஸ்அப்ல போட்டுரணும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மலையில குழு கலையுறது சண்டையால இல்ல, பஸ்ஸால.

எடம் எங்க வேணா இருக்கட்டும், ஆனா கை வச்ச நாற்காலி வேண்டாம், நீள ஊசி அதுல இடிக்கும், முழங்கையை விரிக்க முடியாது. பெஞ்சு தான் பெஸ்ட். வெளிச்சம் வேணும், கருப்பு நூல்ல கண்ணி, அதான் ஊசியில நிக்குற நூல் வளையம், அதைத் தேடுறது இருட்டுல ஆகாது.

உக்கார்றது எப்படின்னா, ஸ்கூல் மாதிரி முன்னாடி டீச்சர் கூடவே கூடாது. தெரிஞ்சவங்க ஒருத்தர், ரெண்டு பக்கமும் புதுசா வந்தவங்க. முதல் ஒரு மணி நேரம் சிக்கினதை மேசையில போடுங்க. கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழ இறங்கிருக்கும், அதை குரோஷா ஊசியால, நுனியில கொக்கி இருக்குமே அது, ஒவ்வொரு படியா மேல ஏத்திரலாம், அஞ்சு நிமிஷ வேலை, அதுக்காக ஆறு வருசம் பீரோவுல கிடந்திருக்கும். சிலது பிரிச்சுத் தான் ஆகணும். பிரிக்கிறதுக்கு முன்னாடி, சரியா இருக்கிற வரிசையில ஒரு மெல்லிசு நூலை எல்லாக் கண்ணிக்குள்ளயும் கோத்து விட்டுருங்க, அதுக்குக் கீழ பிரியாது. டிசைன் போடறவங்க பத்து வரிசைக்கு ஒருதரம் இப்படிக் கோத்து வச்சுக்கிட்டா தூக்கம் வரும்.

இன்னொரு சிக்கல் ஊசி நம்பர். இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம மலையில இது ரொம்ப உண்டு. பழைய பங்களாக்கள்ல இருந்து கைமாறி வந்த இங்கிலீஷ் பேட்டர்ன் புக்கு நிறைய வீட்ல இருக்கு. அதுல 8 நம்பர்னு போட்டிருந்தா 4 மில்லிமீட்டர் ஊசி. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 10 நம்பர் மூணேகால், 14 நம்பர் 2 மில்லிமீட்டர். நம்ம ஊர்க் கடையிலயும் இந்தக் கணக்கு தான். ஆனா மகன் அமெரிக்காவுல இருந்து ஆசையா அனுப்பி வச்ச ஊசியில 8னு போட்டிருந்தா அது 5 மில்லிமீட்டர், அங்க நம்பர் ஏறினா ஊசி தடிக்கும். இந்த 8, அந்த 8 ரெண்டும் ஒண்ணில்ல. என்ன ஆகும்னு கணக்கு போடுங்க. நடுத்தர நூல்ல 4 மில்லிமீட்டர் ஊசியில 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும்னு வைங்க, முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து 200 கண்ணி ஏத்தினா 91 சென்டிமீட்டர், அதாவது 36 இன்ச். அதே 200 கண்ணியைத் தடி ஊசியில போட்டு 10 சென்டிமீட்டருக்கு 18 தான் வந்துச்சுன்னா 111 சென்டிமீட்டர், 44 இன்ச்! பொண்ணுக்குப் பின்னினது மாமனாருக்கு வந்து நிக்கும். பின்னினவங்க "எனக்குக் கை சரியில்ல"ன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. கை நல்லாத் தான் இருக்கு, நம்பர் தான் சரியில்ல.

எங்க குழுவுல அருவங்காடு பேக்டரியில ரிட்டயர் ஆன ஒரு அண்ணன் இருக்காரு. அவரு வெர்னியர்னு நுணுக்கமா அளக்குற கருவி எடுத்துட்டு வந்து நம்பர் அழிஞ்சு போன ஊசி எல்லாத்தையும் அளந்து, மில்லிமீட்டர்ல சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துட்டாரு. அதுல இருந்து நாங்க நம்பரே பேசறதில்ல, மில்லிமீட்டர் தான். ஆம்பளைங்களைச் சேக்கலாமான்னு யாராவது கேட்டா நான் அந்தச் சீட்டைக் காட்டுவேன். குரோஷா போடறவங்களுக்கு இன்னொரு வம்பு, பிரிட்டிஷ் புக்குல டபுள் குரோஷேன்னு சொல்றது தான் அமெரிக்கன் புக்குல சிங்கிள் குரோஷே, எந்த நாட்டு புக்குன்னு முதல் பக்கத்துலயே பாத்துருங்க. எந்த பேட்டர்னா இருந்தாலும் 15 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு பின்னி, நடுவுல 10 சென்டிமீட்டர் அளந்து எண்ணிட்டு அப்புறம் ஆரம்பிங்க. நூல் வாங்கறப்ப லேபிள்ல லாட் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாத்து மொத்தமா வாங்குங்க, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னு விட்டா அதே கலர் கிடைக்கும், அதே சாயம் கிடைக்காது, வெயில்ல நின்னாத் தெரியும்.

புதுசா வர்றவங்களுக்கு என்ன கொடுக்கறது? தயவு செஞ்சு மப்ளர் கொடுக்காதீங்க. முடியவே முடியாது அது. அதுவும் ஒரு வரிசை நிட், அதாவது நேர்க் கண்ணி, ஒரு வரிசை பர்ல், அதாவது திருப்பிப் போடற கண்ணி, இப்படி மாத்தி மாத்திப் போட்டா ஓரம் ரெண்டும் சுருண்டு குழாயாகிரும், தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சுக்குவாங்க, அந்தப் பின்னலோட குணமே அது தான். எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டா சுருளாது. நாங்க கொடுக்கறது மூலையில இருந்து ஆரம்பிக்கிற சதுரம். ரெண்டு மூணு கண்ணியில தொடங்கி, ஒவ்வொரு வரிசை ஆரம்பத்துலயும் ஒண்ணு கூட்டிக்கிட்டே போறது, பக்கம் 20 சென்டிமீட்டர் வந்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணு குறைச்சுக்கிட்டே வந்து முடிக்கிறது. இதுல என்ன சூட்சுமம்னா, கை இறுக்கமானவங்க, லூசானவங்க, தடி நூல், மெலிசு நூல், யார் எதுல பின்னினாலும் 20 வந்ததும் திரும்பிருவாங்க, அதனால எல்லாச் சதுரமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஆறுக்கு எட்டு, 48 சதுரம் சேத்துத் தைச்சா 120க்கு 160ல ஒரு போர்வை. நேத்து ஊசி பிடிச்சவங்க சதுரமும் அதுல இருக்கும், நாப்பது வருசமா பின்னுறவங்க சதுரமும் இருக்கும், எது யாருதுன்னு தூரத்துல நின்னு கண்டுபிடிக்க முடியாது.

"கடையில ஐநூறு ரூவாய்க்கு ஸ்வெட்டர் கிடைக்குதே, எதுக்கு இது?"ன்னு கேப்பாங்க. காசு மிச்சம்னு பொய் சொல்லாதீங்க. பெரியவங்க ஸ்வெட்டருக்கு அரைக்கிலோ நூல் ஆகும், நல்ல கம்பளி நூல்னா நூலுக்கே அதை விட ஜாஸ்தி. லூதியானாவுல மெஷின் நிமிஷத்துல தள்ளுது, அதோட போட்டி போட முடியாதுங்க. பிடிச்சிருந்தா பின்னுங்க, அவ்வளவு தான். நாம கம்பளின்னு சொல்றதுல பாதி அக்ரிலிக், அதையும் மறைக்க வேண்டாம். சந்தேகமா இருந்தா ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்க, முடி கருகின நாத்தம் வந்து சாம்பல் பொடியா உதுந்தா கம்பளி, உருகிக் கட்டியா மணி மாதிரி ஆனா அக்ரிலிக். அக்ரிலிக் மேல சூடா அயர்ன் வைக்காதீங்க, தொளதொளன்னு செத்துப் போயிரும், திரும்ப வராது. கம்பளியை வெந்நீர்ல கசக்காதீங்க, சுருங்கிரும். அக்ரிலிக் மோசம்னு நான் சொல்லல, குழந்தைங்க துணிக்கு அடிக்கடி துவைக்கலாம். ஆனா கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கிட்டும் நனைஞ்ச மாதிரி தெரியாது, நம்ம மலைப் பனிமூட்டத்துக்கு அதுக்கு ஈடு இல்ல. ஊட்டி தாண்டி சாண்டிநல்லாவுல செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அங்க வளக்குற நீலகிரி ஆடு தென்னிந்தியாவுலயே உடுத்துற துணிக்கு ஆகுற மெல்லிசு கம்பளி கொடுக்குற இனம். அந்த ஆடு நம்ம மலையில நிக்குது, நாம நூலுக்கு பஞ்சாபைப் பாத்துக்கிட்டு இருக்கோம். இது எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சல், சொல்லிட்டேன்.

எடுத்து வைக்கிறப்ப துவைச்சுக் காய வச்சு வைங்க, பூச்சிக்கு வேர்வையும் அழுக்கும் தான் பிடிக்கும். கடைசித் தண்ணியில நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலம், நம்ம ஊர்ல கிடைக்காததா.

தோடர் பூ வேலையை ஸ்வெட்டர்ல போடலாமான்னு உங்க லிஸ்ட்ல ஒருத்தங்க கேட்டிருக்கீங்க. அது நூல் எண்ணி வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்புமா போடற எம்பிராய்டரி, பின்னல் இல்ல. 2013ல புவிசார் குறியீடு வாங்கிருக்கு, அது தோடர் பொம்பளைங்களோட சொத்து. அவங்ககிட்ட போய் ஒரு சால்வை வாங்குங்க. நாம காப்பி அடிச்சு ஸ்டால் போட்டு "தோடா டிசைன்"னு விக்கறது நல்லால்ல, என் குழுவுல நான் விட மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் குழந்தைத் தொப்பி பின்னித் தர்றது நல்ல வேலை, குறைமாசக் குழந்தைக்குத் தலை வழியா சூடு போயிரும். ஆனா முதல்ல வார்டு நர்ஸ்கிட்ட என்ன சைஸ், எத்தனை வேணும்னு கேளுங்க. பட்டன், ரிப்பன், தொங்கட்டான் எதுவும் வேண்டாம், துவைச்சுக் கொடுங்க.

பதிவு பண்ணனுமான்னு கேட்டாங்க. 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் இருந்தாப் பதியலாம், ஆனா வருசா வருசம் கணக்கு தாக்கல், கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு. முதல்லயே அதுல போய் விழாதீங்க. சுய உதவிக் குழுன்னு நினைச்சுக்கிட்டு லோன் கேட்டும் ஆளுங்க வருவாங்க, இது அது இல்லன்னு தன்மையாச் சொல்லிருங்க. மாசம் டீக் காசு, ஒரு நோட்டு, ரெண்டு பேர் கையெழுத்து. வரவு செலவு எழுதுறவங்களும் பணம் வச்சிருக்கறவங்களும் வேற வேற ஆளா இருக்கட்டும், சொந்த அக்கா தங்கச்சியா இருந்தாலும்.

கேள்வி? சொல்லுங்க அக்கா. ம்... மருமகளுக்கு இடது கை, சொல்லிக் கொடுத்தா வரமாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து காட்டுறீங்களா? அதான். எதிர்ல உக்காருங்க, முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி. உங்க வலது கை அவங்களுக்குக் கண்ணாடியில தெரியற மாதிரி இடது பக்கம் வரும், அப்படியே பாத்துப் போடச் சொல்லுங்க. ஆனா ரெண்டு ஊசியும் கையும் சேந்து வேலை செய்யறதால நிறைய இடது கைக்காரங்க நம்ம மாதிரியே பின்னிக்குவாங்க, ரெண்டுல எது வசதின்னு அவங்களே சொல்லட்டும். அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, அவங்க விட்டு வச்சதையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அடுத்து யாரு, அந்தத் தம்பியா? மைக்கை அங்க கொடுங்க.