கிணற்றில் விஷம் வைத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

யூதர்களைப் பற்றிய சதிக் கதைகள் வளரப் பெரிதும் காரணம் மக்களின் அறியாமையா, சிலரின் ஆதாயமா என்பது தலைப்பு. ஆதாயமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கிருமி என்றால் என்னவென்றே தெரியாது. கொள்ளைநோய் வந்ததும், யூதன் கிணற்றில் விஷம் வைத்தான் என்று நம்பிவிட்டார்கள். நாலு எழுத்து படித்தால் இந்தக் கதையெல்லாம் ஓடிவிடும்" என்றார். சரி, அதே கிணற்றடியிலிருந்து தொடங்குகிறேன்.

1348இல் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. ஜெனீவா ஏரிக்கரையில் ஷியோன் என்றொரு கோட்டை. அங்கே யூதர்களைச் சித்திரவதை செய்து, விஷம் வைத்தது நாங்கள்தான் என்று வாக்குமூலம் வாங்கினார்கள். அது ஊர் ஊராகப் போனது. அதே ஆண்டு போப் ஆறாம் கிளெமென்ட் ஆணை எழுதினார்: இந்த நோயில் யூதர்களும் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது, பிறகு அவர்கள் எப்படிக் காரணமாவார்கள்? கிருமியைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது, நடுவர் அவர்களே. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

பதில் தெரிந்தும் ஊர் என்ன செய்தது? 1349 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பர்க் நகரம். நோய் இன்னும் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யூதர்களைக் காக்க நின்ற நகரத் தலைவர்களைச் சில நாள் முன்புதான் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். யூதர்களை நூற்றுக்கணக்கில் அவர்களுடைய இடுகாட்டுக்கே இழுத்துப்போய் எரித்தார்கள். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அவர்களிடம் வாங்கிய கடனெல்லாம் ரத்து. அடகு வைத்த பொருள்கள் உரியவர் வீட்டுக்குத் திரும்பின. கையிருந்த ரொக்கத்தை எடுத்துப் பங்கு போட்டார்கள். அந்த ஊர் வரலாற்றாசிரியர் ஒருவரே, பணம்தான் அவர்களைக் கொன்ற விஷம் என்று எழுதிவைத்தார்.

"அவர்கள் ஏன் வட்டிக்கு விட்டார்கள்?" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். பல ஊர்களில் யூதர்கள் நிலம் வாங்க முடியாது. கைத்தொழில் சங்கங்களில் சேர முடியாது. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது. எல்லாக் கதவையும் சாத்தி ஒரே ஒரு சன்னலைத் திறந்துவைத்தார்கள். அதன் வழியே வந்தவர்களைப் பார்த்து, பணப்பேய் என்றார்கள். அரசர்கள் அவர்களிடம் வரியைக் கறந்தார்கள், மக்களின் கோபத்தை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

இனி அச்சு யந்திரக் காலத்துக்கு வருவோம். 1903 ஏப்ரலில், இன்றைய மால்டோவாவில் உள்ள கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். சிறுவன் ஒருவனை யூதர்கள் பலி கொடுத்தார்கள் என்று அங்கே தூண்டிவிட்டது க்ருஷெவான் என்பவரின் பத்திரிகை. அதே ஆள், சில மாதம் கழித்து, பீட்டர்ஸ்பர்க்கில் நடத்திய இன்னொரு பத்திரிகையில் ஒரு தொடர் வெளியிட்டார். உலகை ஆள யூத மூப்பர்கள் ரகசியமாகக் கூடிப் போட்ட திட்டம் என்றது அது. இன்றுவரை வாட்ஸ்அப்பில் சுற்றும் பெரும்பாலான கதைகளுக்குத் தாய் அதுதான்.

அந்தத் திட்டத்தில் ஓரிடம். பத்திரிகைகளை எப்படிக் கைக்குள் போட்டுக்கொள்வது என்று 'மூப்பர்' விளக்குகிறார். எங்கள் பத்திரிகைகளுக்கு விஷ்ணுவைப் போல நூறு கைகள் இருக்கும் என்கிறார்! யூத மதகுரு விஷ்ணுவை உவமை சொல்வாரா? நமக்குத் தெரிந்த விஷ்ணுவுக்கு நான்கு கைதானே? அந்த நூறு கை எங்கிருந்து வந்தது என்றால், 1864இல் மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர், மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய நூலிலிருந்து. நூறு கை விஷ்ணுவை எழுதியது அவர். பத்திரிகையை அடக்கும் பேரரசனுக்காக எழுதினார். அந்த நூலில் யூதர் பேச்சே இல்லை. பக்கம் பக்கமாக அதைத் திருடியவர்கள், விஷ்ணுவின் கையை எண்ணிப் பார்க்காமல் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். 1921இல் லண்டன் டைம்ஸின் நிருபர் ஃபிலிப் கிரேவ்ஸ் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குட்டு உடைந்தது.

உடைந்தும் என்ன? கார் செய்த ஹென்றி ஃபோர்டு 1920 முதலே தன் பத்திரிகையில் இந்தக் கதையை வாரந்தோறும் பரப்பினார். டைம்ஸ் அம்பலப்படுத்திய பிறகும் நிறுத்தவில்லை. ஆரன் சபிரோ என்ற வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட்டு, வழக்கு கழுத்தைப் பிடித்த பிறகுதான், 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். அதற்குள் அந்தக் கட்டுரைகள் புத்தகமாகி, ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. 1946இல் நூரம்பெர்க் விசாரணையில், ஹிட்லரின் இளைஞர் படைத் தலைவன் ஷிராக், தன்னை யூத வெறுப்பாளனாக்கியது ஃபோர்டின் புத்தகம் என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னான். 1942 ஜனவரியில் பெர்லின் வான்ஸே மாளிகையில் யூத இன அழிப்பை ஒருங்கிணைக்கக் கூடியவர்கள் 15 பேர். அவர்களில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். இவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தரப் போகிறீர்கள், எதிரணியினரே?

படிக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் சொல்கிறேன். 1911இல் கீவ் நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் கொலையுண்டு கிடந்தான். துப்பறிந்த போலீஸ் அதிகாரிகளுக்கு உள்ளூர்த் திருட்டுக் கும்பல்மீது சந்தேகம். ஆனால் மேலிடத்துக்கு வேண்டியது யூதக் குற்றவாளி. உண்மையைத் தேடியவர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். செங்கல் ஆலைக் கண்காணிப்பாளர் மெண்டல் பெய்லிஸ் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். அவர்மேல் பழி சுமத்த அமைச்சர் ஒரு பக்கம், 'நிபுணர்கள்' ஒரு பக்கம். ஜூரிகள் பெரும்பாலும் விவசாயிகள். அந்த விவசாயிகள்தான் 1913இல் பெய்லிஸ் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள்.

எப்படி எதிர்கொள்வது என்று நடுவர் கேட்பீர்கள். பாடப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால், இந்தக் கதையால் யாருடைய கடன் ரத்தாகிறது, யாருக்கு ஓட்டு விழுகிறது, யாருடைய சேனலுக்குப் பார்வையாளர் கூடுகிறார் என்று முதலில் கேட்போம். சபிரோ செய்தது போல, பொய்யை விற்பவனுக்கு விலை ஏறும்படி செய்வோம். இன்னொன்று. காஸாவில் குழந்தைகள் செத்ததற்கு இஸ்ரேல் அரசைக் கேள்வி கேட்பது வேறு, உலகத்து யூதர் அத்தனை பேரும் ஒரே ரகசியக் கூட்டம் என்பது வேறு. முன்னதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பின்னது அதே பழைய கிணற்றுக் கதை.

கதையை விற்பவனுக்கு வழக்கு. ஆனால் அதை வாங்கி அனுப்பும் நம் வீட்டு மனிதருக்கு? கொரோனாக் காலத்தில் எங்கள் குடும்பக் குழுவில், ஒரு யூதக் குடும்பம்தான் நோயை உண்டாக்கித் தடுப்பூசியில் சம்பாதிக்கிறது என்று என் பெரியப்பா மகன் அனுப்பினார். ஆடிட்டர் அவர். வவுச்சர் இல்லாமல் நூறு ரூபாய்ச் செலவைக்கூட ஏற்காதவர். குழுவில் மறுத்து எழுதாமல் போன் செய்தேன். "எங்கம்மா போய் இருபது நாள் ஆச்சு. யாரோ ஒருத்தர் காரணமா இருக்கணும் இல்லையா?" என்றார். பெரியம்மாவைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான், "அண்ணே, இதுக்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்டேன். நூறு கை விஷ்ணுவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அன்று மாலை அந்தச் செய்தியை அழித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அதே செய்தி எங்கள் தெருக்காரர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. அவருக்கும் போன் செய்தேன்.

நன்றி, வணக்கம்.