முதல்முறையாக வீட்டில் பியர் தயாரிக்கப் போகிறவருக்கு எந்தக் கிட் பரிசளிக்கலாம்?

வணக்கம். இன்று ஒரு சகோதரியின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். “என் தம்பிக்கு வீட்டிலேயே பியர் தயாரித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பிறந்தநாளுக்கு ஒரு கிட் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எல்லாக் கருவிகளும் அடங்கிய பெரிய கிட் வாங்கட்டுமா, சிறியது போதுமா?” என்று கேட்டிருக்கிறார்.

சிறியதே போதும் சகோதரி. நான்கு அல்லது ஐந்து லிட்டர் அளவில் ஒரு கிட். ஆனால் சிறியது என்பதற்காகக் கண்ணில் படுகிற எதையும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி தயாரிக்கும் முதல் பியர் வாயில் வைக்கும்படி இருந்தால் அடுத்ததை அவரே தொடங்குவார். அது கெட்டுப்போனால் கிட் பரணுக்குப் போய்விடும். ஆகையால் பெட்டிக்குள் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். முதல் பியரைக் கெடாமல் காப்பாற்றுகிற பொருள்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதியவர்களின் பியர் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமி, பழைய ஈஸ்ட், அளவுக்கு மீறிய சூடு ஆகியவைதான். பளபளக்கும் எஃகுப் பாத்திரம் இந்த மூன்றில் எதையும் தடுக்காது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் பெரும்பாலும் இருபது லிட்டர் கிட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான்கு லிட்டருக்கும் இருபது லிட்டருக்கும் செலவாகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு லிட்டரில் வண்டல் போக 330 மில்லி புட்டிகள் பத்துதான் தேறும். இருபது லிட்டரில் ஐம்பதுக்கு மேல் வரும். ஆனால் பெரிய கிட்டில் முழு அளவையும் கொதிக்க வைக்க முப்பது லிட்டர் பாத்திரம் தேவை. அத்தனை நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வீட்டு அடுப்பு திணறும். கொதித்த மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை, விரைவாக ஆற்ற வேண்டும், அதற்குச் செம்புக் குழாய்ச் சுருள் வேண்டும். நான்கு லிட்டருக்கு எட்டு லிட்டர் பாத்திரம் ஒன்று போதும். ஐஸ் கலந்த நீர்த்தொட்டியில் பாத்திரத்தை இறக்கினால் அரை மணி நேரத்துக்குள் ஆறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாக வராமல் போனால் கொட்டுவது நான்கு லிட்டர்தான். மனம் உடையாது. தம்பிக்குப் பெரிய இடமும் பெரிய பாத்திரமும் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இருபது லிட்டரை யோசியுங்கள்.

அடுத்து, எந்த வகை என்று பார்ப்போம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பது ஒரு வகை. அந்தச் சாற்றை முன்கூட்டியே எடுத்துச் சுண்டவைத்துப் பாகாகவோ பொடியாகவோ தருவது இன்னொரு வகை. இந்த மால்ட் பாகு வகைதான் தொடக்கத்துக்கு நல்லது. பாகைக் கரைத்துக் கொதிக்க வைத்து, கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்து, ஆற்றி, ஈஸ்ட் போட வேண்டும். ஹாப்ஸின் கசப்பும் ஏற்கெனவே கலந்து டின்னில் வரும் பாகும் உண்டு. அதைக் கொதிக்க வைக்கவே வேண்டாம். அது மிக எளிது, ஆனால் ஹாப்ஸ் போடும்போது எழுகிற மணத்தையும் கொதி பொங்கிவரும் பரபரப்பையும் தம்பி இழந்துவிடுவார். பரிசின் மகிழ்ச்சியில் பாதி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். டின் வகையையே வாங்கினாலும், அதன் குறிப்பில் ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருந்தால் அதற்குப் பதிலாக மால்ட் பொடியைப் போடச் சொல்லுங்கள். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறி, பியர் நீர்த்துப்போய்விடும்.

இப்போது ஈஸ்ட். இங்கேதான் பரிசு கொடுப்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ஈஸ்ட் உயிருள்ள பொருள். கடையின் அலமாரியில் வெயில்பட்டு ஓராண்டு கிடந்த கிட்டில் அந்தச் சிறு பொட்டலம் பாதி செத்திருக்கும். திரவ ஈஸ்ட் இன்னும் மென்மையானது, குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். பரிசுக்கு அது வேண்டாம். உலர் ஈஸ்ட் போதும். கிட்டில் இருக்கிற பொட்டலத்தில் தேதி இல்லாவிட்டால், தேதி பார்த்துத் தனியாக ஒரு பொட்டலம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். வழக்கமான 11 கிராம் பொட்டலம் இருபது லிட்டர் வரை தாங்கும், ஆகவே தம்பிக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்காது.

எந்த ஈஸ்ட் என்பதை அவர் வீட்டின் சூடு தீர்மானிக்கிறது. பியரில் லாகர், ஏல் என்று இரண்டு பெரிய வகைகள் உண்டு. லாகர் வகைக்கு 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும், தனிக் குளிர்பெட்டி இல்லாமல் நடக்காது. தம்பிக்கு லாகர்தான் பிடிக்கும் என்றாலும் முதல் கிட் லாகராக இருக்க வேண்டாம். ஏல் வகை 18 முதல் 22 டிகிரியில் நன்றாக நொதிக்கும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: நொதிக்கும்போது கலனுக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. அறை 24 டிகிரி என்றால் உள்ளே அதற்கும் மேலே இருக்கும். சூடு ஏறினால் தொண்டையைச் சுடுகிற, பெயின்ட் தின்னர் போன்ற நெடி வந்துவிடும். கலனை நீர் நிறைந்த தொட்டியில் வைத்து, ஈரத்துணி சுற்றி வைத்தால் சில டிகிரி குறையும். வீடே எப்போதும் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கிறது என்றால் ஈஸ்ட்டையே மாற்றிவிடுங்கள். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்த ‘க்வைக்’ என்ற ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கிறது. உலர்ந்த பொடியாகவும் கிடைக்கிறது. சூடான அறையில் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

சுத்தம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. சோப்புப் போட்டுக் கழுவுவது அழுக்கை நீக்கும், கிருமியை நீக்காது. ஆறிய சாற்றைத் தொடும் எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, பிறகு அலச வேண்டியில்லாத கிருமிநீக்கி ஒரு புட்டி வாங்கிக் கொடுங்கள். பல கிட்களில் ஒருமுறைக்கு மட்டும் போதுமான சிறு பொட்டலமே இருக்கும். வீட்டு பிளீச்சிங் திரவத்தைப் பயன்படுத்தினால் அதன் எச்சம் பியரில் மருந்து வாடையாகத் தெரியும்.

இனி, பெட்டியில் இல்லாமல் போகக்கூடிய பொருள்கள். அட்டைப் படத்தில் புட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஒன்றுகூட இருக்காது. வாங்கும் முன் ‘இந்தக் கிட்டில் அடங்கியவை’ என்ற பகுதியை முழுவதும் படியுங்கள். ஏர்லாக் (நொதிக்கும்போது எழும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு), உறிஞ்சுகுழாய், தெர்மாமீட்டர், புட்டிகள், மூடிகள், மூடியை அழுத்தும் கருவி ஆகியவற்றில் எது இல்லையோ அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கம்பி வைத்த மூடியுள்ள பழுப்புப் புட்டிகளை வாங்கினால் அழுத்தும் கருவி தேவையில்லை. பழுப்பு ஏன் என்றால், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள்கள் மாறித் துர்நாற்றம் அடிக்கும். நொதிக்க வைக்கும் கலன் கண்ணாடியானால் பார்க்க அழகுதான், ஆனால் ஈரக்கையில் வழுக்கி உடைந்தால் காயம் ஆழமாக இருக்கும். உணவுத்தரப் பிளாஸ்டிக்கே போதும். உள்ளே கீறல் விழாமல் மென்மையான துணியால் கழுவினால் நெடுநாள் வரும்.

ஹைட்ரோமீட்டர் ஒன்றும் சேருங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். நீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி அது; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அந்த எண் இறங்கும். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதால் நொதித்தல் முடிந்ததென்று சொல்ல முடியாது. ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.048 காட்டி, கடைசியில் 1.010-இல் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் முடிந்தது என்று பொருள். அந்த வித்தியாசத்தை 131.25 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம் என்றும் தெரிந்துவிடும். நொதித்து முடியாமல் புட்டியில் அடைத்தாலோ, நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை கூடிவிட்டாலோ புட்டி வெடிக்கும், கண்ணாடிச் சில்லு பறக்கும். லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம். கரண்டியில் அளக்காமல் எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். அழுத்தம் தாங்கும் பியர்ப் புட்டிகளை மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள் சகோதரி. சில இடங்களில் சொந்த உபயோகத்துக்குப் பியர் தயாரிக்கலாம், சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் முற்றிலும் தடை. நீங்கள் சொல்வது நொதிக்க வைத்த பியர் மட்டுமே. காய்ச்சி வடிக்கும் கருவி கிட்டோடு சலுகையில் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதன் ஆபத்தும் சட்டமும் வேறு.

கடைசியாக நாள் கணக்கு. நொதிக்க இரண்டு வாரம், புட்டியில் நுரை ஏற இன்னும் இரண்டு வாரம். தம்பி தன் கையால் தயாரித்த பியரைப் பிறந்தநாளன்றே எல்லோருக்கும் ஊற்றித் தர வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், ஐந்து வாரம் முன்பே கிட்டைக் கொடுத்துவிடுங்கள். அன்று கொடுத்தாலும் தவறில்லை. கூடவே அவருக்குப் பிடித்த ஏல் இரண்டு புட்டி வாங்கி வையுங்கள். குடித்து முடித்த அந்தப் புட்டிகளையே கழுவி, தன் பியரை அதில் அடைத்துக்கொள்ளலாம். திருகு மூடி உள்ளதாக மட்டும் வாங்க வேண்டாம், அதன் வாயில் அழுத்துமூடி சரியாக உட்காராது.