ஸ்பானியல் குட்டி: உற்சாகம் குன்றாமல் கீழ்ப்படிதலைப் பழக்குவது எப்படி?

(காட்சி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அறுவடை முடிந்த வயல். வரம்போரப் புல்லுக்குள் கொக்கர் ஸ்பானியல் நாய்க்குட்டியொன்று மோப்பம் பிடித்தபடி ஓடுகிறது.)

இந்தக் குட்டியின் வாலைக் கவனியுங்கள். வெறும் புல்லில் ஓடும்போது அது ஒரே சீராக ஆடுகிறது. கானாங்கோழி நடந்து போன வாடை மூக்கில் பட்டதும் வாலின் வேகம் கூடுகிறது, தலை தாழ்கிறது, பின்னங்கால்கள் மண்ணை அழுத்தி ஊன்றுகின்றன. இந்த நேரத்தில் விசில் ஊதினால் குட்டி நிற்குமா என்பதும், நின்ற பிறகு இதே வேகத்தோடு மீண்டும் தேடுமா என்பதும்தான் இந்த வீடியோவின் விடயம்.

ஸ்பானியல்கள் பிரித்தானியாவில் பறவை வேட்டையில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகவே வளர்த்தெடுக்கப்பட்டவை. புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையைக் கண்டுபிடித்து எழுப்ப வேண்டும். எழும்பியதும் துரத்தாமல் அதே இடத்தில் குந்த வேண்டும். சொன்ன பிறகே போய், சுடப்பட்டு விழுந்ததைக் கடித்துச் சிதைக்காமல் எடுத்துவர வேண்டும். சிறுகுண்டுத் துப்பாக்கி ஏறத்தாழ 35 மீற்றருக்கு மேல் பயன் தராது என்பதால், நாய் தன் எசமானிடமிருந்து 20 மீற்றருக்குள்ளேயே தேடப் பழக வேண்டும். அங்கே 1899 இல் தொடங்கிய ஸ்பானியல் களப் போட்டிகளில், பறவையைத் துரத்திக்கொண்டு ஓடும் நாய் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் நீக்கப்படுகிறது. நமது நாடான இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கிறது. ஆகவே நாம் பந்தையும் துணிப் பொம்மையையும் கொண்டே பழக்குகிறோம். குட்டியின் மூளைக்கும் மூக்கிற்கும் அதுவே போதுமான வேலை.

நம் பகுதியில் குட்டிகள் இரண்டு விதமாகக் கெடுவதைக் காண்கிறோம். சிலர் முதல் நாளிலிருந்தே சங்கிலியும் அதட்டலுமாக வளர்க்கிறார்கள். வேறு சிலர் வயலில் அவிழ்த்துவிட்டு, கொக்கையும் கானாங்கோழியையும் அது துரத்துவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். இரண்டாவது தவறு திருத்தக் கடினமானது, ஏனென்றால் துரத்துவதன் சுவையை ஒருமுறை அறிந்த குட்டிக்கு நம்மிடமுள்ள எந்தத் தின்பண்டமும் ஈடாகாது. ஆனால் முதலாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. கீழ்ப்படிதலைப் பிறகும் கற்பிக்கலாம். அடித்து அணைத்த ஆர்வத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது.

(காட்சி: வீட்டு வளவு. சோற்றுக் கோப்பையோடு நிற்கும் பெண், முன்னால் குட்டி.)

ஆறு மாதம் வரை கூப்பிட்டால் வருவது, குந்துவது, விசிலுக்கு நிற்பது ஆகிய மூன்றும் போதும். நீளமான ஒற்றை ஊதலை உணவு வேளையிலேயே தொடங்குங்கள். கோப்பையை உயர்த்திப் பிடித்தால் குட்டி அதை அண்ணாந்து பார்க்கும், பார்த்தபடியே பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படியும் அந்த நொடியில் ஊதிவிட்டுக் கோப்பையை வையுங்கள். சில நாட்களில் அந்த ஒலி, குட்டிக்குத் தண்டனையாக அல்ல, நல்லதொன்று வரப்போகிறது என்ற செய்தியாகப் பதிந்துவிடும். பின்னர் வயலில் அதே ஒலிக்குக் குந்தினால், அடுத்த நொடியே "போ, தேடு" என்று விட்டுவிட வேண்டும். நின்றால்தான் மறுபடி தேடலாம் என்று குட்டி உணரும்போது, கீழ்ப்படிதலே அதன் ஆசைக்கு வழியாகிவிடுகிறது.

20 மீற்றர் எல்லையையும் அதட்டலால் பழக்க வேண்டியதில்லை. காற்றுக்கு எதிராக நடந்துகொண்டே, குட்டி அறியாதபடி உங்கள் காலடிக்கு அருகிலுள்ள புல்லில் ரென்னிஸ் பந்தொன்றைப் போட்டுவிட்டு, அது திரும்பி வரும்போது கண்டெடுக்க விடுங்கள். நல்லவை எல்லாம் உங்கள் அருகிலேயே கிடைக்கின்றன என்று நம்பும் குட்டி தூரம் போகாது. இருபுறமும் மாறி மாறித் தேடும்போது திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு குறுகிய ஊதல் கொடுத்து, நீங்களும் அந்தப் பக்கமாகத் திரும்பி நடவுங்கள்.

பறவை எழும்பும்போது குந்துவதுதான் கடினமான பாடம். முதலில் குட்டியைக் குந்த வைத்து, அதன் முன்னால் பந்தை எறியுங்கள். உடல் நடுங்கும், தொண்டைக்குள் முனகல் கேட்கும். ஆனாலும் இருக்க வேண்டும். எறிந்ததில் பாதியையாவது நீங்களே நடந்து போய் எடுங்கள். எறிந்ததெல்லாம் தனக்கே என்று பழகிய குட்டியை, உயிருள்ள பறவை எழும்பும்போது எந்த விசிலும் நிறுத்தாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வறண்ட மண்ணில் வாடை தங்குவதில்லை. அப்போது பாதியில் தேடலை விட்டுவிட்டு நிழலில் படுக்கும் குட்டி அடம்பிடிக்கவில்லை. அதைத் திட்டுவது அநியாயம். காலையில் வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் போதும். ஆனால் காட்டோர வயல்களுக்கு இருட்டோடு போகாதீர்கள், யானையைக் கண்டு குரைத்த நாய் அதை உங்களிடமே இழுத்து வரக்கூடும். வீடு திரும்பியதும் நீண்ட காதுகளின் உட்புறத்தில் உண்ணியும் புல் விதையும் இருக்கிறதா என்று பாருங்கள். காது வலிக்கும் குட்டி விசிலை வெறுக்கத் தொடங்கும்.

(காட்சி: எசமானின் காலருகே தயங்கி நிற்கும் குட்டி.)

அளவு எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்பதைக் குட்டியே காட்டும். விசிலைக் கேட்டும் தலை தூக்காமல் ஓடினால், நீளக் கயிற்றைக் கட்டி, வாடையில்லாத வெறும் நிலத்தில் பாடத்தை மீண்டும் தொடங்குங்கள். மாறாக, சில அடி போவதற்குள் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், வால் தளர்ந்தால், காலடியை விட்டு நகரத் தயங்கினால், ஒரு வாரத்திற்கு விசிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குந்து என்ற சொல்லும் வேண்டாம். புல் உயர்ந்த இடத்திற்குக் கூட்டிச் சென்று, பந்துகளை ஒளித்து வைத்து, குட்டி தானாகவே முன்னே ஓடித் தேடத் தொடங்கும் வரை பேசாமல் பின்னால் நடவுங்கள்.