ரோபோவுக்கு முதல் மொழி எது? சுவரிலும் கதவிலும் மோதிய இரண்டு வண்டிகள் சொல்லும் பதில்

வணக்கம் மக்களே. பின்னால் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்கிறதா? மிக்ஸி இல்லை, நம்ம வண்டிதான். மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், சக்கரம் பாட்டுக்குச் சுற்றுகிறது. புரோகிராம் எப்போதோ நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் நிற்கவில்லை. ஒரு நிமிஷம், பேட்டரியைப் பிடுங்கிவிடுகிறேன்... சரி, ஆச்சு. இது ஏன் இப்படிச் செய்தது என்று அப்புறம் சொல்கிறேன். இன்றைய விஷயத்தில் பாதி அதுதான்.

ரோபோ செய்ய ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது, புரோகிராம் எழுத சி++ மொழி படிக்கலாமா, பைத்தான் மொழி படிக்கலாமா என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: ரோபோவுக்கு மூளையாக வைக்க கையில் என்ன போர்டு இருக்கிறது? பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

இதோ இந்த நீல போர்டு ஆர்டுயினோ ஊனோ, ஆர்3 மாடல். புரோகிராமை வைக்க இதில் 32 கிலோபைட் இடம். ஓடும்போது பயன்படுத்த ராம் வெறும் 2 கிலோபைட். மெகாபைட் இல்லை, கிலோபைட்! இந்த மாதிரி சின்ன போர்டுகளுக்கான பைத்தானுக்கு மைக்ரோபைத்தான் என்று பெயர். அது ஓட வேண்டுமென்றால் குறைந்தது 256 கிலோபைட் இடமும் 16 கிலோபைட் ராமும் வேண்டும். ஆகவே இந்த ஊனோ வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், சி++தான். ஆர்டுயினோ மொழி என்று தனியாக ஒன்று இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது சி++தான், தொடக்கத்தில் ஒரு முறை ஓடும் செட்டப், திரும்பத் திரும்ப ஓடும் லூப் என்று இரண்டு ஃபங்ஷனை நமக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இந்தப் பக்கம் பச்சையாக இருப்பது ராஸ்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. ராம் 264 கிலோபைட். டேமியன் ஜார்ஜ் என்பவர் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் திரட்டி உருவாக்கிய மைக்ரோபைத்தான் இதில் தாராளமாக ஓடும். இஎஸ்பி32 என்ற இன்னொரு வகை போர்டிலும் ஓடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் ஓட்டு பிக்கோவும் மைக்ரோபைத்தானும்தான். ஏன் என்று சொல்வதைவிடக் காட்டுகிறேன். திரையைப் பாருங்கள். தானி என்ற சாஃப்ட்வேரைத் திறந்திருக்கிறேன், யூஎஸ்பி வயர் மாட்டியாயிற்று. கீழே இந்தக் கட்டத்தில் எல்இடி டாட் ஆன் என்று அடிக்கிறேன். என்டர். எரிந்ததா? ஆஃப். அணைந்ததா? புரோகிராமை போர்டுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைல் இல்லை, அதை போர்டில் ஏற்றும் அப்லோட் இல்லை. இதே மாதிரி மோட்டாருக்கு சிக்னல் போகும் பின்னை (போர்டின் கம்பிக்காலை) ஆன் செய்து, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். வயரை மாற்றிச் சொருகியிருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். முதல் ரோபோவில் நம் நேரத்தை விழுங்குவது புரோகிராம் இல்லை, இந்த வயர்தான். ஒரு எச்சரிக்கை: மோட்டாரைப் பிக்கோவின் பின்னில் நேராகக் கோர்த்துவிடாதீர்கள். நடுவில் எல்298என் மாதிரி, மோட்டாருக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் ஒரு மோட்டார் டிரைவர் கட்டாயம்.

பைத்தான் மெதுவாயிற்றே என்பார்கள். மெதுவுதான். ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது அல்ட்ராசோனிக் சென்சார். அதில் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 58 மைக்ரோநொடி. அதை நம் பைத்தான் வரி எண்ணினால் கணக்கு தப்பும். ஆனால் அதை அளக்க டைம் பல்ஸ் யூஎஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதன் உள்ளே சி எழுதியிருக்கிறார்கள். அளப்பது அது, முடிவெடுப்பது நாம். வீட்டுத் தரையில் ஊரும் வண்டிக்கு இந்த வேகம் ஏராளம்.

இப்போது சி++இல் நான் பட்ட பாடு. என் முதல் வண்டி ஊனோவில் ஓடியது. எதிரில் சுவர் வந்தால் 400 மில்லிநொடி திரும்பிவிட்டு நேராகப் போக வேண்டும். ஹாலில் விட்டால் அரை நிமிஷம் அழகாகத் திரும்பித் திரும்பிப் போகும். அப்புறம் திடீரென்று நேராகப் போய்ச் சுவரில் முட்டும். ரீசெட் அழுத்தினால் மறுபடி அரை நிமிஷம் ஒழுங்கு. பேட்டரி இறங்குகிறது என்று புதுசு வாங்கினேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மோட்டார் டிரைவரையும் மாற்றினேன். இரண்டு வாரம்.

தப்பு ஒரே சொல்லில் இருந்தது. போர்டு ஆன் ஆனதிலிருந்து மில்லிநொடிகளை எண்ணிக்கொண்டே வரும். அந்தக் கணக்கில் திரும்பத் தொடங்கிய நேரத்தை இன்ட் என்ற முழு எண் வகையில் வைத்திருந்தேன். ஊனோவில் இன்ட் 32,767 வரைதான் பிடிக்கும். மில்லிநொடியில் அது 33 நொடிக்கும் குறைவு! அதைத் தாண்டினால் எண் மைனஸில் போய்விடுகிறது. கழித்துப் பார்த்தால் திரும்பத் தொடங்கி 65 நொடி ஆனதாகக் கணக்கு வருகிறது. 400 மில்லிநொடி எப்போதோ முடிந்ததே என்று வண்டி திரும்பாமலே நேராகப் போகிறது. இன்ட்டை அழித்து, இன்னும் பெரிய எண் பிடிக்கும் அன்சைன்ட் லாங் என்று போட்டேன், சரியாகிவிட்டது. இஎஸ்பி32இல் இன்ட் பெரியது, அங்கே அரை நிமிஷத்தில் இந்தக் கூத்து நடக்காது. பைத்தானில் முழு எண் தேவைக்கேற்ப வளர்ந்துகொள்ளும்.

அப்படியென்றால் பைத்தான் சமர்த்தா? தொடக்கத்தில் கேட்ட சத்தத்துக்கு வருவோம். மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு வேரியபிளின் பெயரில் எழுத்துப் பிழை விட்டிருந்தேன். சி++ என்றால் கம்பைல் செய்யும்போதே பிடித்து, உள்ளே விட்டிருக்காது. பைத்தான் அந்த வரிக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்காது. வந்ததும் எரர் சொல்லிவிட்டுப் புரோகிராம் படுத்துவிடும். மோட்டாருக்குக் கொடுத்த சிக்னல் மட்டும் அப்படியே இருக்கும். நேற்று தரையில் விட்டிருந்தபோது நேராக ஓடி, பூஜை அறைக் கதவில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது. அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார். முழு புரோகிராமையும் ட்ரை என்ற பகுதிக்குள் போட்டு, எரர் வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் இரண்டு மோட்டாரையும் நிறுத்துங்கள். தப்பு நடந்தாலும் சக்கரம் நிற்கும்.

பிக்கோவில் இன்னொரு தொல்லை, அது 3.3 வோல்ட் போர்டு. அல்ட்ராசோனிக் சென்சாரில் பதில் சிக்னல் வரும் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஊனோ வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள், அதிலேயே தொடங்குங்கள். உதாரண புரோகிராம்கள் அதற்குத்தான் அதிகம். எட்டு வயதுக் குழந்தை என்றால் திரையில் கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச் போதும். பின்னாளில் பெரிய ரோபோக்களுக்கான ராஸ் 2 என்ற சாஃப்ட்வேர் வரை போக நினைப்பவர்களுக்கு இரண்டுமே உதவும், அதில் சி++இலும் எழுதலாம், பைத்தானிலும் எழுதலாம். ரஸ்ட் என்ற இன்னொரு மொழி படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் சக்கரத்தைச் சுற்ற வையுங்கள் சாமி.

சரி, பேசிக்கொண்டே அந்த ஃபைனலி வரியைச் சேர்த்துவிட்டேன். எழுத்துப் பிழையை வேண்டுமென்றே அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். வண்டியைத் தரையில் வைக்கிறேன், பேட்டரி மாட்டுகிறேன்... போகிறது, போகிறது... எரர் வந்துவிட்டது. நின்றுவிட்டது, பாருங்கள். கதவுக்கு ஒரு சாண் முன்னால்.