பழைய உலகத்துக்குள் புதியவர்களை அழைத்தல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மாலை வேளையில் வாசிப்புக் கூடத்தை நமக்காகத் திறந்துவிட்டதோடு நாற்காலிகளையும் தாமே நின்று போடச் செய்த நூலகர் அம்மையார் அவர்களே, பகடைப் பையோடு வந்திருக்கும் இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு கிரேஹாக் என்னும் பழைய கற்பனை உலகை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதை வரைபடம், வரலாறு, தெய்வங்கள் என மூன்று கூறாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் அந்த உலகம் 1980இல் 32 பக்கக் கையேடாகவும் இரண்டு பெரிய வண்ண வரைபடங்களாகவும் வெளிவந்தது. ஓர் அறுகோணக் கட்டத்துக்கு 30 மைல் என்பது கணக்கு. கட்டத்துக்குள் எழுதாமல் விட்ட இடமெல்லாம் ஆட்டத்தை நடத்துபவரின் சொத்து.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கிரேஹாக்கைக் கரைத்துக் குடித்த நண்பர் ஒருவர், பகடையையே அன்றுதான் தொட்ட நால்வரை உட்காரவைத்து, அந்த உலகின் சுவெல் பேரரசும் பாக்லூனியரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட பழங்கதையிலிருந்து தொடங்கினார். தேநீர் வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. பேரரசுகள் மட்டும் விழுந்து முடியவில்லை. கடைசியில் ஒரு பெண், "அண்ணா, என் ஆள் இப்போது எங்கே நிற்கிறான்?" என்று கேட்டாள். அண்ணன் திகைத்துப்போனார். அடுத்த வாரம் அவர் வரலாற்றை மூடிவைத்துவிட்டு, கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட சாகசக் கையேட்டில் வரும் ஹாம்லெட் என்ற சிற்றூரின் விடுதியில் (ஷேக்ஸ்பியருக்கும் இதற்கும் தொடர்பில்லை) அவர்களை இறக்கிவிட்டார். ஊருக்கு வெளியே பாழடைந்த அகழிக் கோட்டையை நெருங்கியதும் ராட்சதத் தவளைகள் பாய்ந்தன. அதே பெண் நாற்காலியை விட்டு எழுந்தே பகடையை உருட்டினாள். தவளைகள் ஒழிந்த பிறகு, "இந்தக் கோட்டையைக் கட்டியது யார்?" என்று அவளே கேட்டாள். வரலாறு அப்போதுதான் உள்ளே வந்தது.

ஆட்டத்தை நடத்துபவருக்காக 2024இல் வெளிவந்த டன்ஜன் மாஸ்டர் கையேடு கிரேஹாக்கையே மாதிரி உலகமாக எடுத்துக்கொண்டு, கதையை மீண்டும் அந்த உலக நாட்காட்டியின் பழைய 576ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதால், புதியவர்களுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த 1980ஆம் ஆண்டுப் பதிப்பு சேகரிப்பாளர்களின் பெட்டிக்குள் உறங்குகிறது. வரைபடத்தை மேசையில் விரித்துத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு அதன் மேல் ஆசை எப்படி வரும்? ஆகவேதான் பொது நூலகங்கள் ஆட்டப் பெட்டிகளையும் இரவல் தர வேண்டும் என்று மேடைதோறும் கேட்டுவருகிறேன்.

தெய்வங்களுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால், நூலகர் அம்மையாரிடம் முழு அலமாரி கேட்கவில்லை. நாளிதழ் அடுக்கின் கீழே காலியாக இருக்கும் அந்த ஒரு தட்டைத் தந்தால், முதல் பெட்டியை நானே கொண்டுவந்து வைக்கிறேன்.